அடுத்த பெட்டி வந்ததும் வருவேன் என்ற வாப்பாவுக்கு

ஏறாவூர் மையவாடியில் மதிலோரம் மண்ணுக்குள் படுத்திருக்கிற என் வாப்பாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் மூத்த மகன், என் காக்கா, வெள்ளிக்கிழமை தோறும் ஜும்ஆ முடிந்ததும் உங்களிடம் வந்து போகிறார். பெண்பிள்ளைகள் அந்தப் பக்கம் வருகிற வழக்கம் நம் ஊரில் இல்லை. அதனால் எழுதுகிறேன். நான் வாயைத் திறந்தால் மூடமாட்டேன் என்று நீங்களே சொல்வீர்கள். அங்கே உங்களுக்கு வேறு என்ன வேலை? பொறுமையாகக் கேளுங்கள்.

முதலில் வீட்டுப் புதினம். உம்மா சுகம். முழங்கால் நோகுது, முதுகு நோகுது என்கிறா. ஏசுகிற வாய்க்கு மட்டும் ஒரு நோவும் இல்லை. உங்கள் பேரன், என் மகன் இம்தாத்துக்கு மீசை அரும்புகிறது. அவனும் கூட்டாளிமாரும் பின்னேரமானால் முன் விறாந்தையில் ஃபோனைச் சுற்றி இருந்துகொண்டு ஒரே வழக்கு. அடுத்த ரிவி கேம் பெட்டி எப்போது வரும் என்பதுதான் அவர்களுடைய பிரச்சினை. வருகிற வருஷம் என்கிறான் ஒருத்தன். இல்லை, அதற்கும் அடுத்தது என்கிறான் மற்றவன். அதில் சிடித் தட்டுப் போடுகிற வாயே இருக்காதாம், விளையாட்டெல்லாம் இன்டர்நெட்டில் இறங்குமாம்.

குசினிக்குள் நின்று கேட்கிற எனக்குச் சிரிப்பு வருகிறது. இந்த வழக்கை நம் வீட்டில் எப்பவோ பேசி முடித்துவிட்டோமே, வாப்பா!

நீங்கள் தம்மாமில் ஒரு ரிவிக் கடையில் சாமான் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த காலம். இங்கே சண்டை. கடிதத்தைவிட நமக்குக் கசெட்தான் நம்பிக்கை. சவூதியிலிருந்து ஊருக்கு வருகிற யாராவது ஒருத்தரின் சட்டைப் பைக்குள் உங்கள் குரல் வரும். ரேடியோவைப் பாயின் நடுவில் வைத்துவிட்டு நாங்கள் மூன்று பேரும் சுற்றி இருப்போம். முதலில் சலாம். பிறகு உம்மாவுக்கு. அந்த நேரம் எங்களை வெளியே போகச் சொல்லுவா. நாங்கள் கதவுக்குப் பின்னால் நிற்போம். கடைசிப் பங்கு எங்களுக்கு.

எங்கள் பங்கில் நீங்கள் வேறு என்ன சொன்னீர்கள்? கடைக்கு வருகிற அரபிப் பிள்ளைகள் புதுப் பெட்டியைப் பற்றி என்ன பேசினார்கள் என்பதைத்தான். "மனே, இப்ப இருக்கிறது பதினாறு பிட்டாம். யப்பான்ல முப்பத்திரண்டு பிட்டுச் செய்யிறானாம். தட்டுல ஓடுமாம்." சவர்க்காரக் கட்டிகளைச் சுற்றி அனுப்பிய புத்தகத் தாளில் அதன் படமும் வந்தது. ஒரு எழுத்தும் விளங்கவில்லை. காக்கா அதைக் குர்ஆன் அட்டைக்கு அடுத்த மரியாதையோடு அலுமாரிக்குள் வைத்தார்.

பிட் என்றால் என்னவென்று நம் வீட்டில் யாருக்குத் தெரியும்? "எனக்குத் தெரிஞ்ச பிட்டு, குழல்ல அவிக்கிறதுதான்" என்றா உம்மா. எட்டு பதினாறாகி, பதினாறு முப்பத்திரண்டாகினால் அடுத்தது அறுபத்துநான்குதான் என்று காக்கா கணக்குப் போட்டார். அவருக்கு அதில் படம் வடிவாகத் தெரிவதெல்லாம் பெரிதில்லை. ஒரு குட்டி அட்டையில் விளையாட்டுப் பதிந்திருக்கும், கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம் என்று நீங்கள் சொன்னீர்களே, அதில்தான் ஆள் விழுந்துவிட்டார். எப்போது கரண்ட் வரும், எப்போது போகும் என்று தெரியாத ஊரில் அதைவிட அதிசயம் ஒரு பெட்டிக்குள் இருக்க முடியுமா?

அந்தக் கசெட்டில்தான் அதையும் சொன்னீர்கள். "அது கடைக்கு வரட்டும். அதத் தூக்கிட்டுத்தான் வாப்பா ஊருக்கு வருவன்."

அன்றோடு வீடு மூன்றாகப் பிரிந்தது. எனக்குப் பெட்டி எப்படி இருந்தாலும் ஒன்றுதான். அது கெதியாக வரவேண்டும், அவ்வளவே. அரைகுறையாகச் செய்து அனுப்பினாலும் எனக்குச் சம்மதம். தட்டு வேண்டாம், அட்டை வேண்டாம், வெறும் பெட்டியென்றாலும் போதும், கூடவே நீங்கள் வருவீர்கள். காக்கா அப்படியில்லை. செய்கிறவன் திருத்தமாகச் செய்யட்டும் என்பார். "ஆக்கப் பொறுத்த நாம ஆறப் பொறுக்க ஏலாதா?" என்று பெரிய மனுசன் மாதிரிக் கேட்பார். எனக்குக் கோபம் தலைக்கேறும். யப்பான்காரன் தாமதித்தால் அவருக்கு மெமரி கூடும், எனக்கு வாப்பா தள்ளிப் போவார். இது எப்படி ஒரே கணக்காகும்?

உம்மாவுடைய கணக்கு எங்கள் இரண்டு பேருடையதிலும் சேராது. வாவிப் பக்கம் வெடிச்சத்தம் இல்லாமல் நாலு நாள் போனால், மீன் கழுவிக்கொண்டே ஒன்றும் தெரியாதவ போலக் கேட்பா: "மனே, அந்தப் பெட்டி எப்பயாம் வருது?" எங்காவது சுற்றிவளைத்து ஆட்களைப் பிடித்து ஏற்றினார்கள் என்று கேள்விப்பட்டால், "அது ஆறுதலா வரட்டும்கா, என்ன அவசரம்" என்பா. யப்பானில் ஒரு பெட்டி எப்போது வெளிவரும் என்பதை ஏறாவூர் றோட்டின் நிலைமையை வைத்து நிர்ணயித்த ஒரே மனுசி நம் உம்மாதான்.

பிறகு பேச்சுவார்த்தை என்றார்கள், சண்டை நின்ற மாதிரி இருந்தது. நாங்கள் பெருநாள் போலத் திரிந்தோம். பெட்டியும் கடைக்கு வந்துவிட்டது, லீவு கேட்டிருக்கிறேன் என்று உங்கள் கசெட்டும் வந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக, அந்த நேரம் பார்த்து மறுபடி சண்டை தொடங்கியது. றோட்டைப் பூட்டினார்கள், திறந்தார்கள், பூட்டினார்கள்.

உம்மா ரேடியோவைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கசெட்டின் ஒரு பக்கம் முடியும் வரை பேசிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தா. "வாப்பாவ இப்ப வர வேணாம் என்டு சொல்லிருக்கன். மத்தப் பக்கத்துல நீங்க பேசுங்க" என்றா. நான் பேசினேன். காக்காவும் பேசினார். அடுத்த நாள் ஓட்டமாவடிக்காரர் ஒருத்தர் சவூதிக்குப் புறப்பட, கசெட் அவர் கையில் போனது.

நீங்களோ வந்தீர்கள்!

வாறன் என்று முன்கூட்டி ஆள் விட்டிருந்தீர்கள். வருகிறதாகச் சொன்ன நாளில் வரவில்லை. உம்மா தொழுகிற முசல்லாவை விட்டு எழும்பவில்லை. நான் படலையை விட்டு அசையவில்லை. மற்ற நாள் காலையில் சித்தாண்டி ஆள் ஒருத்தருடைய உழவு மெசின் நம் வாசலில் வந்து நின்றது. அதன் பின்பெட்டியில் நெல் மூட்டைக்கு மேல், கண்ணெல்லாம் சிவந்துபோய் நீங்கள். மடியில் துவாயால் சுற்றிய ஒரு பொதி.

"என்னங்க, எங்க நிண்டீங்க?" என்று உம்மா கத்தினது இப்போதும் காதில் இருக்கிறது.

"சென்றியில புடிச்சி வச்சிட்டானுகள். ரான்ஸ்போமர்தான் வினை."

யப்பான் பெட்டிக்கு நம் கரண்ட் கூடுதல். கரண்டைக் குறைக்க ஒரு இரும்புக் கட்டி, அதிலிருந்து நாலு வயர். அதைச் சோதனைச் சாவடியில் கண்டவன் என்ன நினைப்பான்? விளையாட்டுச் சாமான் என்று நீங்கள் சொன்னதை யாரும் நம்பவில்லை. கடைசியில் பெரியவன் ஒருத்தன் வந்து, தங்கள் ரிவியில் பூட்டிக் காட்டச் சொன்னானாம். வயர் வயராகப் பூட்டினீர்கள். ரிவிக்குள் கார் ஓடியது. அதற்குப் பிறகு உங்களை விட மனமில்லாமல் போனது வேறு காரணத்துக்கு. "ஒவ்வொருத்தனாக் கூப்பிட்டுக் கார் ஓட்டுறானுகள். றோட்டுப் பூட்டுற நேரமும் வந்திட்டு" என்று நீங்கள் சொல்ல, நாங்கள் அழுதுகொண்டே சிரித்தோம். சிரிக்காமல் நின்றது காக்கா மட்டும்தான்.

"என்ட பேச்சக் கேக்கல்லியா நீங்க? கசெட்ல சொன்னேனே!" என்று உம்மா கேட்டதற்கு, "உன்ட குரலே அதுல இல்லியே" என்றீர்கள். பழி ரேடியோவின் தலையில் விழுந்தது. "அந்தப் பலாய் புடிச்ச ரேடியோ" என்று உம்மா அதைத் தூக்கி எறியாத குறை.

காக்கா அந்தப் பெட்டியைத் தொடவே இல்லை, ஞாபகமா? பக்கத்து வீட்டு ஜெனறேற்றரில் ஊர்ப்பிள்ளைகள் எல்லாம் விளையாட, அவர் எழும்பிப் போய்விடுவார். அறுபத்துநான்கு கிடைக்காத கோபம் என்று நான் வருஷக்கணக்காகப் பகிடி பண்ணினேன். உங்கள் லீவு முடிந்தும் றோட்டுத் திறக்கவில்லை, திரும்பிப் போகிற விசாவும் முடிந்தது. அதற்குப் பிறகு நீங்கள் தம்மாமைக் காணவில்லை. ஐஸ் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு மீன் வியாபாரத்துக்குப் போனீர்கள். தோள் இறங்கிப் போகும் வரை போனீர்கள்.

இனித்தான் நான் எழுத வந்த விஷயம்.

போன வெள்ளிக்கிழமை காக்கா உங்களைப் பார்த்துவிட்டு நேரே நம் வீட்டுக்கு வந்தார். இம்தாத் சும்மா இருக்காமல், "மாமா, நீங்க சொல்லுங்க, அடுத்தது எப்ப வரும்? இப்ப இருக்கிறத வாங்கவா, பொறுக்கவா?" என்று கேட்டான். காக்கா தேத்தண்ணியை வைத்துவிட்டு எழும்பிவிட்டார். நான் படலை வரைக்கும் பின்னால் போனேன். "என்ன காக்கா, இன்னுமா அந்தக் கோவம்?" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. றோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கசெட்ட நான்தான் அழிச்சன், தங்கச்சி. பெட்டியப் பத்திச் சொல்ல இன்னம் கிடந்திச்சு. பக்கம் மாறிப் போட்டது தெரியாமப் பேசிட்டன். அறுவத்துநாலு வரும், மெமரி கூட இருக்கும், அது இது என்டு. உம்மா வராதீங்க என்டு சொன்னதுக்கு மேல பேசிருக்கன். விளங்கக்குள்ள கசெட் போயிட்டு. உம்மாட குரல் இருந்திருந்தா வாப்பா வந்திருக்க மாட்டாரு. அவர்ர தோள்ள ஐஸ் பெட்டிய ஏத்தினவன் நான்தான்."

நரைத்த தாடியோடு, பேரப்பிள்ளை கண்ட மனுசன், சின்னப் பிள்ளை போல அழுதார். நான் வாயை மூடிக்கொண்டேன். நானா என்று நீங்கள் நம்பமாட்டீர்கள். நான்தான். ஏனென்றால் எனக்கு மட்டும் வேறொன்று தெரியும், அதைச் சொல்லமாட்டேன் என்று உங்களுக்கு வாக்கும் தந்திருந்தேன்.

நீங்கள் படுக்கையில் விழுந்த கடைசி நோன்பு மாதம். கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தேன். உம்மா வெளியே யாரையோ ஏசிக்கொண்டிருந்தா. நீங்கள் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டுச் சொன்னீர்கள்: "அண்டைக்கு அந்தக் கசெட்ல உம்மாட குரல் இருந்திச்சு மகள். காக்கா பேசி முடிய டக்கெண்டு ஒரு சத்தம். புறகு உம்மா. ரெண்டே வசனம். 'நாங்க எப்பிடியும் இருந்துக்குவம். நீங்க வராதீங்க.' அதச் சொல்லக்குள்ள அவட குரல் கிடந்த கிடை! வராதீங்க என்டு அப்பிடி ஒருத்தி சொன்னா, வராம இருக்க ஏலுமா? பெட்டி ஒரு சாட்டு. கடையில அது இல்லாட்டியும் நான் வந்திருப்பன்."

உம்மாவிடம் ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன். "கேட்டுட்டுத்தான் வந்தன் என்டு சொன்னா இண்டு வரைக்கும் ஏசுவா. சொல்லிராத மகள்." நானும் சிரித்துக்கொண்டு தலையாட்டினேன்.

வாப்பா, அந்தப் பொய் யாரைக் கடித்தது பார்த்தீர்களா? உம்மாவின் வாய்க்குப் பயந்து நீங்கள் சொன்ன ஒரு சின்னப் பொய்யை ஒரு பிள்ளை ஆயுசு முழுக்கச் சுமந்திருக்கிறான். பக்கத்திலேயே இருந்தும் நமக்குத் தெரியவில்லையே. உங்கள் தோள் இறங்கினதுக்கு அவன் காரணமில்லை என்று ஒரு சொல், நீங்கள் சொல்லியிருந்தால்? நீங்கள் எங்கே அறிந்தீர்கள்? அவன் எங்கே கேட்டான்? உங்களோடு எனக்குக் கோபமில்லை. கொஞ்சம் இருக்கிறது.

உங்களுக்குத் தந்த வாக்கை நான் முறிக்கப்போகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை காக்காவைச் சாப்பாட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அவரை இருத்தி, நீங்கள் சொன்னதைச் சொன்னபடியே சொல்லுவேன். உம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான். அந்த இரண்டு வசனத்தைச் சொன்னவவும் கேட்கத்தானே வேண்டும்? கேட்டதும் முந்தானையால் கண்ணைத் துடைப்பா. துடைத்து முடிந்ததும் உங்களை ஏசத் தொடங்குவா. நான் தடுக்கமாட்டேன், வாப்பா. நீங்கள் எதற்குப் பயந்தீர்களோ, அது முழுவதையும் அவ ஏசி முடிக்கட்டும். உங்கள் மகன் கேட்டுச் சிரிக்கட்டும்.

உங்கள் இளைய மகள்,
அவருடைய ஒரே தங்கச்சி,
ரிஸ்வானா