கறுப்புக் கோடு

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து சாரல். குற்றாலத்தில் பஸ் ஏறும்போதே குடைக்கம்பி ஒடிந்தது.

தென்காசிப் பள்ளியின் ஓவிய வகுப்புக்குக் கொண்டுபோனவை: பெயின்ட், ஸ்பாஞ்சுத் துண்டுகள், பஞ்சு, பழைய பேப்பர், கலர்த் தாள், பசை.

2-பி பிள்ளைகளிடம் இம்ப்ரெஷனிசம் என்ற ஓவியப் பாணியின் பெயரையே எடுக்கவில்லை. ஒரே விதி: கோடு போடக் கூடாது. வெயில் பட்ட அருவியில் என்ன நிறம் தெரியுமோ, ஒற்றி வையுங்கள், கிழித்து ஒட்டுங்கள்.

நஸ்ரின் தண்ணீருக்கு மஞ்சளும் ஊதாவும் வைத்தாள். "கிட்டக்க ஒண்ணும் தெரியல டீச்சர். தள்ளிப் போனா தண்ணி விழுது."

தள்ளி நின்று பார்த்தேன். விழத்தான் செய்தது.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போல. ஸ்டாஃப் ரூமில் யார் வீட்டுக் கல்யாணப் பேச்சோ. டிபன் டப்பாவைத் திறந்தேன்.

ஜூலை 9, புதன்

வெயில். ஹெச்.எம். படங்களைப் புரட்டினார். "என்ன டீச்சர், எல்லாம் கசகசன்னு கிடக்கு? வெள்ளிக்கிழமை பேரன்ட்ஸ் வருதாங்க. அவுட்லைன் போட்டு நீட்டாக்கிருங்க."

அடுத்த வருடத்துக்கான என் வேலை ஒப்பந்தம் அவர் மேஜையில், கையெழுத்து இல்லாமல்.

பள்ளி விட்டபின் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் இருபத்தெட்டுப் படங்களுக்கும் நானே கோடு போட்டேன்.

அறைக்கு வந்தால் பக்கத்து லாட்ஜில் சீசன் கூட்டம், ஒரே சிரிப்பு. ஜன்னலைச் சாத்தினேன்.

ஜூலை 10, வியாழன்

நஸ்ரின் பார்த்துவிட்டாள். "என் படத்துல யாரு கோடு போட்டா?"

"நான்தாம்மா."

"நீங்கதான போடக் கூடாதுன்னீங்க?"

"ஆமா. பயந்துட்டேன்."

அழவில்லை. படத்தை நாலாக மடித்துப் பையில் வைத்தாள். "இத மாட்டாதீங்க டீச்சர்."

வகுப்பு முழுவதிடமும் மன்னிப்புக் கேட்டேன். பாதிப் பேருக்குக் கோடு பிடித்திருந்தது.

ஜூலை 11, வெள்ளி

கண்காட்சி. இருபத்தேழு படங்கள், நடுவில் ஓர் இடைவெளி.

"அங்கன ஏன் காலியா இருக்கு?" - ஹெச்.எம்.

"அது நான் கெடுத்த படம் மேடம்."

என்னையே பார்த்தார். அடுத்த படத்துக்கு நகர்ந்தார். கையெழுத்து இன்னும் இல்லை.

கடைசியாக வந்தது நஸ்ரினின் அம்மா. "டீச்சர், நீங்க பயந்துட்டியளாமே? வீட்டுல இவ அதையே சொல்லுதா. உங்களுக்கு என்ன பயம்?"

சும்மா கேட்கிறார் என்று சிரித்து வைத்தேன். அவர் போகவில்லை. கைப்பையைப் பெஞ்சில் வைத்துவிட்டு, பதிலுக்காக நின்றார்.

இங்கே வந்து மூன்று வருடம். யாரும் இப்படி நின்றதில்லை. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

என் ஊர்ப் பெயரிலிருந்து ஆரம்பித்தேன்.