ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தின் விலை

லாஸ் வேகாஸ்
ஜூலை 2, 1984

அன்புள்ள எமெட்,

உன் தபால் அட்டை வந்து சேர்ந்தது. மொத்தம் நாலு வரி, அதில் இரண்டு வரி உங்கள் ஊர் வெயிலைப் பற்றி. நூற்றுப் பன்னிரண்டு டிகிரியில் வெந்துகொண்டிருக்கிறவளிடம் வந்து வெயில் புராணம் பாடுகிறாயே, நியாயமா?

என் பிழைப்பு அப்படியேதான் ஓடுகிறது. ஆறு வாரம் தங்கினால் விவாகரத்து கிடைக்கும் என்று இந்த ஊருக்கு வந்தவள், பதினோரு வருஷமாகப் பந்தயக் கடையின் பின்னறையில் உட்கார்ந்திருக்கிறேன். ஜன்னல் கிடையாது, சுவரில் கடிகாரமும் கிடையாது. காலையில் எல்லா ஊர்ப் பத்திரிகைகளிலிருந்தும் பேஸ்பால் ஆட்டக் கணக்குகளை வெட்டி ஒட்டுவேன். யார் எறிகிறான், யார் அடிக்கிறான், எந்த அணிமேல் என்ன விலை போகிறது என்று பார்த்து, நாளைய ஆட்டம் எப்படிப் போகும் என்று அரைப்பக்கம் எழுதுவேன். அதை மீசைக்காரக் கிழவர் ஒருவரின் படத்தைப் போட்டு, 'ஹாங்க் தாத்தா சொல்கிறார்' என்று விற்கிறார்கள். உன் அக்காவுக்கு மீசை முளைத்து ஒன்பது வருஷமாகிறது.

உன் கணக்கையும் நான்தானே வெட்டி ஒட்டுகிறேன், எமெட். கடைசி ஐந்து ஆட்டங்களில் நீ ஸ்டிரைக்-அவுட் ஆக்கி வெறுங்கையோடு திருப்பி அனுப்பியவர்கள் எட்டுப் பேர், ஏழு பேர், ஐந்து, நாலு, இரண்டு. மாடிப்படி இறங்குகிற மாதிரி இருக்கிறது. ஒரு ஆட்டம் என்றால் அதிர்ஷ்டம் சரியில்லை என்பேன். ஐந்து ஆட்டம் வரிசையாக இறங்கினால் அதிர்ஷ்டத்தைக் குறை சொல்ல முடியாது. கையில் என்ன?

போன் செய்யாதே. உங்கள் உடைமாற்றும் அறைக் கதவில் ஒட்டியிருக்கும் அறிவிப்பு எனக்கும் மனப்பாடம். பந்தயக்காரர்களோடு சகவாசம் வைத்தால் ஆட்டத்திலிருந்து ஆயுளுக்கும் தடை. இருக்கவே இருக்கிறது தபால்பெட்டி. மறைக்காமல் எழுது.

உன் அக்கா
நோரீன்


டொலீடோ
ஜூலை 8

அன்பு அக்காவுக்கு,

எனக்கு ஒன்றுமில்லை. முப்பத்தாறு வயதுக்காரன் இருபத்தாறு வயதுக்காரன் மாதிரி எறிவதில்லை, அவ்வளவுதான். ஸ்டிரைக்-அவுட் குறைந்தால் என்ன, அவர்கள் அடிக்கிற பந்தைப் பிடிக்கத்தான் எனக்குப் பின்னால் ஏழு பேர் நிற்கிறார்கள். நாங்கள் முதலிடத்தில் இருக்கிறோம், பார்த்தாயா? பதினான்கு வருஷத்தில் முதல்முறை. ஊரில் முடிவெட்டுகிறவன் என்னிடம் காசு வாங்க மாட்டேன் என்கிறான்.

என் பந்துகளைப் பிடிக்கும் டூலியிடம், என் ஆரோக்கியத்தைப் பற்றி ஒருவர் விசாரித்தார் என்று பெயர் சொல்லாமல் சொன்னேன். "யாருடா அது, உன் மாமியாரா? உனக்குத்தான் கல்யாணமே ஆகலயே!" என்கிறான். உனக்கு இங்கே கிடைக்கிற மரியாதை இது.

நம்பரைப் பார்த்து ஜோசியம் சொல்லாதே, அக்கா. உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி
எமெட்


லாஸ் வேகாஸ்
ஜூலை 12

அன்புள்ள எமெட்,

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாய். பத்தாம் தேதி ஆட்டத்தைக் கடையின் பெரிய டிவியில் பார்த்தேன். கையில் பென்சில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பந்துக்கும் ஒரு கோடு போட்டேன். எண்பத்தெட்டுப் பந்து. அதில் வளைபந்து எத்தனை தெரியுமா? மூன்று. உன் சோறே அந்த வளைபந்துதான். போன வருஷம் மூன்றில் ஒரு பந்து வளைபந்து எறிந்தவன், இப்போது எண்பத்தெட்டில் மூன்று எறிகிறான். அந்த மூன்றுக்குப் பிறகும் நீ முதுகைத் திருப்பிக்கொண்டு, ஷூவில் மண் ஒட்டியதுபோலக் குனிந்தாய். மண்ணெல்லாம் இல்லை. முகத்தை மறைத்தாய்.

அப்பாவிடம் அடி வாங்கியபோதும் நீ அப்படித்தான் குனிவாய். என்னிடமாவது சொல்லடா. பயமாக இருக்கிறது.

நோரீன்


டொலீடோ
ஜூலை 18

அக்கா,

சரி, சொல்கிறேன். படித்ததும் கிழித்துப் போடு.

முழங்கை போய்விட்டது. மே மாதக் கடைசியிலேயே உள்ளே ஏதோ நூல் அறுந்தமாதிரி சத்தம் கேட்டது. ஆட்டத்துக்கு முந்தைய நாள் ஊசி போட்டுக்கொள்கிறேன். அணியின் டாக்டருக்குத் தெரியாது. ஊருக்கு வெளியே ஒருவரிடம் போகிறேன். ஒன்பது இன்னிங்ஸில் மூன்று வரை கை கேட்கும். நாலாவதிலிருந்து விரல் எங்கே இருக்கிறது என்றே தெரிவதில்லை. இடது கையால்தான் தலை சீவுகிறேன். டூலிக்கு மட்டும் தெரியும். நேற்று சாப்பாட்டு மேஜையில் என் தட்டை இழுத்து இறைச்சியை நறுக்கிக்கொண்டே, "டேய், அம்மா வேலை பார்க்கறதுக்கு எனக்குத் தனியா சம்பளம் போடச் சொல்லு" என்றான். சிரித்தேன். பிறகு கழிப்பறையில் போய் அழுதேன்.

ஏன் நிறுத்தவில்லை என்று கேட்பாய். நிறுத்தினால் என்ன ஆகும்? வெட்டித் தைப்பார்கள். முப்பத்தாறு வயதுக் கையைத் தைத்து யாரும் திரும்ப மைதானத்தில் விடமாட்டார்கள். பதினெட்டு வயதிலிருந்து எனக்கு வேறொன்றும் தெரியாது. ஒரே ஒரு அக்டோபர், ஒரே ஒரு தடவை சாம்பியன் பட்டத்துக்கான ஆட்டம் ஆடிவிட்டுப் போகிறேன்.

ஆகஸ்ட் ஐந்து, ஞாயிற்றுக்கிழமை, ஃபவுண்டர்ஸ் அணியோடு ஆட்டம். அவர்களிடம் ஆறு இடதுகை மட்டையாளர்கள், வளைபந்து இல்லாமல் அவர்களை என்னால் நிறுத்த முடியாது. அந்த ஆட்டத்தைப் பற்றி மட்டும் எழுதாதே. உன்னை நம்பித்தான் சொன்னேன்.

எமெட்


லாஸ் வேகாஸ்
ஜூலை 25

அன்புள்ள எமெட்,

உன் கடிதத்தைக் கிழிக்க மனம் வரவில்லை. மூன்று தடவை படித்தேன். பிறகு கிழித்தேன்.

முதலாளி குரோட்டியிடம் போய், ஐந்தாம் தேதி ஆட்டத்தை வேறு யாரையாவது எழுதச் சொல்லுங்கள் என்றேன். நான் உன் அக்கா என்பது அவருக்குத் தெரியாது, ஹால்வர்சன் என்ற பெயரைக் கல்யாணத்தோடு விட்டவளாயிற்றே நான். தெரிந்தால் என்னைச் சும்மா விடுவாரா, தங்க முட்டையிடும் வாத்து என்று கூண்டில் வைப்பார். "ஏம்மா, ஞாயித்துக்கிழமை டிவில வர்ற ஒரே ஆட்டம் அதுதான். அதை எழுதாம ஹாங்க் தாத்தா என்ன சர்ச்சுக்கா போயிட்டாரு?" என்கிறார்.

உங்கள் ரிவர்மென் அணிதான் ஜெயிக்கும் என்று எழுதலாம். எழுதினால், ஐஸ் லாரி ஓட்டும் டஃபோயா மாதிரி ஆட்கள், வேறெதையும் படிக்காமல் என் அரைப்பக்கத்தை மட்டும் நம்பி வரிசையில் நிற்பவர்கள், என் பொய்க்குப் பணம் கட்டுவார்கள். உண்மையை எழுதினால் உன்னை விற்கிறேன். இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்களே, அதற்காவது ஓடிப் பார்க்கக் கொஞ்சம் இடம் இருக்கிறது.

யார் எறிவது என்று முடிவு செய்கிற உங்கள் மேனேஜரிடம் நீயே போய்ச் சொல்லிவிடேன். என்னை இந்த வேலையிலிருந்து விடுவித்துவிடேன்.

நோரீன்


டொலீடோ
ஜூலை 30

அக்கா,

மாட்டேன். நீயும் எழுதாதே. காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொள். கும்பிட்டுக் கேட்கிறேன்.

எமெட்


லாஸ் வேகாஸ்
ஆகஸ்ட் 4, சனிக்கிழமை

அன்புள்ள எமெட்,

எழுதிவிட்டேன். நீயே படி, நகல் இதோ:

"ரிவர்மென் 58 வெற்றி, 49 தோல்வி. ஃபவுண்டர்ஸ் 51 வெற்றி, 56 தோல்வி. ஆட்டம் ரிவர்மென் மைதானத்தில். அங்கே அவர்கள் மூன்றில் இரண்டு ஆட்டம் ஜெயிக்கிறார்கள். அதனால்தான் அவர்கள் பக்கம் நூறு டாலர் ஜெயிக்க நூற்றறுபது கட்ட வேண்டியிருக்கிறது. ஆனால் எறியப்போவது ஹால்வர்சன். அவருடைய ஸ்டிரைக்-அவுட் கணக்கு ஒன்பது ஆட்டங்களாக இறங்குமுகம். கடைசி ஆட்டத்தில் ஒன்று. முதல் மூன்று இன்னிங்ஸில் அவரை யாரும் அசைப்பதில்லை. நாலாவதிலிருந்து இன்னிங்ஸுக்கு ஒரு ஓட்டத்துக்கு மேல் கொடுக்கிறார். இடதுகை மட்டையாளர்கள் பத்துக்கு நாலு தடவை அடிக்கிறார்கள். ஃபவுண்டர்ஸ் வரிசையில் அப்படி ஆறு பேர். அணிக்கு இந்த விலை தகும். இந்த மனிதருக்குத் தகாது. தாத்தாவின் பணம் ஃபவுண்டர்ஸ் மேல்."

நீ சொன்னதில் ஒரு சொல்லைக்கூட எடுக்கவில்லை. எல்லாம் பத்திரிகையில் வந்த கணக்கு. கூட்டிக் கழித்தது மட்டும் நான். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். வேண்டுமென்றேதான் எழுதினேன். விலை சரிந்தால் உன் மேனேஜர் காலையில் பத்திரிகையில் பார்ப்பார், ஏன் என்று யோசிப்பார், உன் கையைத் தொட்டுப் பார்ப்பார், உன்னை உட்கார வைத்துவிடுவார். நீயும் சொல்லாமல், நானும் காட்டிக்கொடுக்காமல் கதவு தானாகத் திறக்கும் என்று நினைத்தேன்.

மதியம் தாள் விற்பனைக்குப் போனது. நாலு மணிக்கு விலை நூற்றறுபதிலிருந்து நூற்று முப்பது. ஏழு மணிக்கு இரண்டு அணியும் சமம். இப்போது ஃபவுண்டர்ஸ்தான் முன்னால். இந்த ஊர் முழுக்க உனக்கு எதிராகப் பணம் கட்டுகிறது. என்னைத் திட்டு. கை மிஞ்சினால் போதும்.

உன் அக்கா
நோரீன்


டொலீடோ
ஆகஸ்ட் 9

அக்கா,

இடது கையால் எழுதுகிறேன். கோணலைப் பொறுத்துக்கொள்.

ஞாயிறு காலை, மேனேஜர் வரவில்லை. லீக் அலுவலகத்திலிருந்து சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒருவர் வந்தார். உன் தாளை என் முன்னால் மேஜைமேல் வைத்தார். "ராத்திரியோட ராத்திரியா விலை இப்படி நகர்ந்திருக்கு, மிஸ்டர் ஹால்வர்சன். மழை இல்ல, யாருக்கும் காயம்னு செய்தி இல்ல. காரணம் இல்லாம விலை நகராது. உங்க கை நல்லா இருக்கா?"

நன்றாக இருக்கிறது என்றேன்.

"அப்போ இன்னிக்கு எறிவீங்க."

இதை நீ யோசிக்கவில்லை, அக்கா. இத்தனை வருஷம் விலையோடு குடித்தனம் நடத்தியும் யோசிக்கவில்லை. நான் உட்கார்ந்திருந்தால், என் காயம் வேகாஸுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது என்று நிரூபணமாகும். சொன்னவன் நான்தான் என்றாகும். ஆயுளுக்கும் தடை, பெயரும் நாறிப்போகும். நீ எழுதாமலிருந்திருந்தால், அன்று காலையே நான் கை வலி என்று சொல்லியிருப்பேன். சனிக்கிழமை அந்த முடிவுக்கு வந்துவிட்டேன். முந்தைய நாள் போட்ட ஊசி பிடிக்கவே இல்லை. டூலியிடம், "நாளைக்கு சொல்லிடறேன்டா, போதும்" என்றேன். அவன் என்னைக் கட்டிக்கொண்டான். உனக்குத் தந்தி அடிக்கக்கூட நினைத்தேன். அறிவிப்பை நினைத்து விட்டுவிட்டேன்.

ஏழு இன்னிங்ஸ் எறிந்தேன். ஆறாவதில் அந்தச் சத்தம் திரும்பக் கேட்டது. டூலி ஓடிவந்து, "எமெட், போதும்டா, கண்ணால பாக்க முடியல" என்றான். அந்தச் சாம்பல் கோட்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தது. எறிந்தேன். 3-2. ஜெயித்தோம். உன் டஃபோயாவிடம் நான் வருந்தினேன் என்று சொல். சொல்ல முடியாதுதான்.

கை தோளிலிருந்து தொங்குகிறது. குளியலறையில் விழுந்தேன் என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன்.

ஆட்டம் முடிந்ததும் அவர் இன்னொரு கேள்வி கேட்டார். "லாஸ் வேகாஸ்ல உங்களுக்கு வேண்டியவங்க யாராவது இருக்காங்களா? சொந்தக்காரங்க? கூடப் பிறந்தவங்க?"

நான் ஒற்றைப் பிள்ளை என்றேன். அதை எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.

உன் கடிதங்களையெல்லாம் எரித்துவிட்டேன். இனி உன் பெயரில் ஒரு உறை வந்தாலும் அந்தக் கையெழுத்து பொய் என்றாகும். எழுதாதே. எனக்குக் கோபம் இருக்கிறது, அது போய்விடும். ஆனால் போட்ட கையெழுத்து போகாது.

எமெட்


லாஸ் வேகாஸ்
செப்டம்பர் 17

மதிப்பிற்குரிய திரு. ஹால்வர்சன் அவர்களுக்கு,

நீங்கள் என்னை அறிய மாட்டீர்கள். உங்கள் ஆட்டங்களைப் பல வருஷங்களாகப் பார்த்துவரும் ஒரு ரசிகை. தினமும் உங்களுக்கு மூட்டை மூட்டையாகக் கடிதங்கள் வரும் என்று கேள்விப்பட்டேன். அதில் இதுவும் ஒன்றாகப் போகட்டும் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

உங்கள் முழங்கையில் அறுவை சிகிச்சை நடந்ததாகவும், இனி எறிய முடியாது என்று மருத்துவர்கள் கருதுவதாகவும் பத்திரிகையில் படித்தேன். அந்தச் செய்தியை வெட்டி எடுத்தேன். ஒட்டுவதற்கு மனம் வரவில்லை.

உங்களைப் பற்றி முன்பு ஒரு தாளில் யாரோ தவறாகக் கணித்து எழுதியிருந்தார்கள். எழுதியவருக்கு எல்லாக் கணக்கும் தெரிந்திருந்தது. நீங்கள் சனிக்கிழமை என்ன நினைத்தீர்கள் என்பது மட்டும் தெரியவில்லை. அந்த ஆள் இன்னும் அதே அறையில்தான் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன். அப்படிப்பட்டவர்களுக்குப் போக வேறு இடம் ஏது?

உங்களுக்கு உடன்பிறந்தவர்கள் யாரும் இல்லை என்று அறிந்தேன். வருத்தமாக இருந்தது. இந்த நேரத்தில் தலைமாட்டில் உட்கார்ந்து, நல்லதாக நாலு வார்த்தையும் கெட்டதாக நாலு வார்த்தையும் சொல்ல ஒருவர் இருந்திருக்கலாம். திரு. டூலி உடனிருப்பார் என்று நம்புகிறேன். இறைச்சியைப் பொடியாக நறுக்கித் தரச் சொல்லுங்கள்.

ரசிகர்கள் கையெழுத்துப் போட்ட படம் கேட்பது வழக்கம். உங்களை எழுத வைக்க எனக்கு மனமில்லை. அதனால் உறையில் என் முகவரி எழுதவில்லை.

தங்கள் நலம் நாடும்
ஒரு ரசிகை