புகை மேலே போகாத மாதம்

நவ. 27, வியாழன்

விடியலில் இருந்து மழை. காற்று கழுவி விட்டாற்போல. சாக்கடையில் தோல் பதம் பண்ணும் ஷாப்புத் தண்ணீரின் நாற்றம் மட்டும். தங்கச்சி தீபாவுக்கு ஐந்து நாளாக மூச்சு இழுப்பு இல்லை. இன்று பள்ளிக்கூடம் வரை ஓடியே போனாள். பின்னால் குடையோடு நான்.

விறகு எல்லாம் ஈரம். சனிக்கிழமை நான் வேலை பார்க்கும் ஷூ கம்பெனியில் இருந்து ஒரு மூட்டை துண்டுத் தோல் எடுத்து வர வேண்டும். ஷூவுக்கு வெட்டியது போக மிச்சம். சூப்பர்வைசர் ஒன்றும் சொல்ல மாட்டார். எங்கள் லைனில் வேலை செய்கிற பாதிப் பேர் வீட்டு வெந்நீர் அடுப்பில் அதுதான் எரிகிறது. சட்டென்று பிடிக்கும், நின்று எரியும்.

வாங்க: தே. எண்ணெய், அம்மாவுக்குத் தலைவலி மாத்திரை, தீபாவுக்குப் புது இன்ஹேலர்.

டிச. 17, புதன்

மார்கழி இரண்டு. பனி. எதிர்வீடு தெரியவில்லை. இந்த மாதம் புகை மேலே போகாது, தெருவிலேயே படுத்துக் கிடக்கும். கொடியில் காயும் துணியில் எல்லாம் கரி வாசனை.

விடியற்காலை 5.30க்கு தீபாவுக்கு இழுப்பு. விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வந்தது. உதடு நீலம். அப்பா பழைய சோற்றுத் தட்டைச் சுவரில் வீசினார். தெருக்கோடி சேகர் மாமாதான் காரணம் என்றார். சேகர் மாமாவுக்கு டிராக்டர் இருக்கிறது. ஷூ கம்பெனிகளின் சோல், ரப்பர், தோல் குப்பையை எல்லாம் ஏரியில் கொட்டிக் கொளுத்துவது அவர் வேலை.

"ஒரு நாளு அவனயே அதுல போட்டுக் கொளுத்தறேன் பாரு."

அம்மா வெந்நீர் அடுப்பில் இன்னும் கொஞ்சம் தோலைத் திணிக்கப் போனாள். தீபா நெஞ்சுக்கு ஒத்தடம்.

டிச. 20, சனி

எழுத வரவில்லை. ஆனாலும்.

மதியம் இரண்டு மணி. கம்பெனி விட்டு வந்தேன், தலையில் துண்டுத் தோல் மூட்டை. தெருக்கோடியில் கூட்டம். சேகர் மாமா கீழே. அப்பா கையில் ஜாக்கிக் கம்பி. "எம் பொண்ண சாவடிக்கப் பாக்கறியா" என்று கேட்டுக் கேட்டு அடித்தார். ஒருத்தரும் பிடிக்கவில்லை. கம்பி காதோடு இறங்கிய சத்தம், தேங்காயைத் தரையில் போட்டது போல.

சேகர் மாமா ஒன்றுதான் சொன்னார். "வண்டி ரிப்பேராயி ரெண்டு வாரமாச்சுண்ணா. நான் எங்க எரிச்சேன்?" அப்பா காதில் ஏறவில்லை. அப்புறம் இன்னும் இரண்டு அடி. ஒரு பல் மண்ணில் கிடந்தது.

நான் மூட்டையை இறக்காமலே நின்றிருந்தேன்.

டிச. 21, ஞாயிறு

சேகர் மாமா காதுக்குப் பதினோரு தையலாம். போலீசுக்குப் போகவில்லை. போனால் குப்பை எரித்த கதையும் வெளியே வரும் என்று பயம். டீக்கடையில் அப்பாவைப் பார்த்து, நீதான்யா ஆம்பளை என்றார்களாம். அப்பா சிரித்துக்கொண்டே வந்தார். கறி எடுத்து வந்தார்.

ஏரியில் புகை இல்லை. காலையில் தீபாவுக்கு மறுபடி இழுப்பு.

டிச. 23, செவ்வாய்

தீபாவோடு ஆஸ்பத்திரி. அம்மா, நான். மூக்கில் புகை போல வரும் மருந்து வைத்தார்கள். நர்ஸ் அக்கா தீபாவின் ஸ்வெட்டரை முகர்ந்து பார்த்து, வீட்டில் என்ன எரிக்கிறீர்கள் என்று கேட்டார். கேஸ்தான் என்றாள் அம்மா. நர்ஸ் அக்கா என்னைப் பார்த்தார். எனக்கு வெளி ஆட்களிடம் வாய் வராது. எப்படியோ சொல்லிவிட்டேன், வெந்நீருக்குத் துண்டுத் தோல்.

"அடுப்பு எங்க? கொழந்த படுக்கிற எடம் எங்க?"

தீபா படுப்பது பின் ஜன்னலுக்குக் கீழே. ஜன்னலுக்கு வெளியே அடுப்பு. மார்கழி முழுக்க ஐந்து மணிக்கே பற்றவைக்கிறோம்.

அது விஷம் என்றார் நர்ஸ் அக்கா. தோலைப் பதம் பண்ணின மருந்தெல்லாம் அந்தப் புகையில் வருமாம். அம்மா என் தொடையைக் கிள்ளினாள், ரத்தம் கட்டிவிட்டது. எத்தனை வருஷமாக எரிக்கிறோம். ஏரிப் புகையைத்தான் புகை என்று நினைத்தோம். இது நம் அடுப்பு.

பஸ்ஸில் அம்மா: "அப்பாகிட்ட மூச்சு வுடாத. மூட்ட மூட்டயா கொண்டாந்தது யாரு? நீதான?"

நான்தான்.

டிச. 24, புதன்

பனி அதிகம். அம்மா விறகை வைத்தாள், பிடிக்கவில்லை. அப்பா அவளைத் தள்ளிவிட்டு, தோலைத் திணித்துத் தானே பற்றவைத்தார். உள்ளே தீபா இரும ஆரம்பித்தாள். ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கி அடுப்பில் ஊற்றினேன்.

அப்பா திரும்பினார்.

"அந்த மாமா எரிக்கலப்பா. நம்ம அடுப்புதான். ஆஸ்பத்திரில சொன்னாங்க."

விறகுக் கட்டையால் வாயில் ஒன்று. முதுகில் எத்தனை என்று தெரியவில்லை. நான் அடுப்புக் கல்லை உதைத்தேன். அண்டா கவிழ்ந்தது. அணையாத தோல் தணல் பட்டு இடது பாதத்தில் கொப்புளம். மூன்று கல்லையும் ஒவ்வொன்றாகச் சாக்கடையில் வீசினேன். அடிக்க அடிக்க வீசினேன்.

"வெளிய சொன்ன, நாக்க அறுத்துடுவேன்."

டிச. 25, வியாழன்

லீவு. பக்கத்துத் தெரு சர்ச்சில் பாட்டு. எல்லாருக்கும் பச்சைத் தண்ணீர்க் குளியல். தீபா இருமாமல் தூங்கினாள். மீதித் தோல் மூட்டையை அம்மா எங்கேயோ கொண்டுபோய்ப் போட்டாள்; எங்கே என்று அப்பா கேட்கவில்லை. எனக்கு உதடு வீங்கி, சோறு இறங்கவில்லை.

டிச. 26, வெள்ளி

குழாயடி. நொண்டிக்கொண்டு போனேன். எனக்கு முன்னால் சேகர் மாமாவின் மனைவி கஸ்தூரி அத்தை. என் வாயைப் பார்த்தாள், என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. "தீபா எப்படிக்கீறா?" என்று கேட்டாள். தன் வீட்டுக்காரரை அடித்தவன் பெண்ணைப் பற்றி.

சொல்லிவிட்டேன். அடுப்பு, ஜன்னல், மூட்டை, எல்லாம். குடம் நிரம்பி வழிந்தது, அத்தை குழாயை மூடவில்லை. மறுபடி சொல் என்றாள். சொன்னேன். பளாரென்று ஒரு அறை. அப்புறம் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். சேகர் மாமா கட்டிலில், தலை முழுக்கக் கட்டு.

"அவருக்கு அந்தக் காது போயிடுச்சு. இந்தப் பக்கம் நின்னு, கத்திச் சொல்லு."

கத்திச் சொன்னேன். எங்கள் வீட்டுக் கதவு படாரென்று திறந்த சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. அப்பாதான். நிறுத்தவில்லை.