அடுப்பு ஆறும் வரை

பூவம், காரைக்கால்
வெள்ளிக்கிழமை

கமலாம்பாளுக்கு,

நான் நலம். நீயும் வெண்மதியும் மாப்பிள்ளையும், குறைமாதத்தில் பிறந்து ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் நம் பேத்தியும் நலமாக இருக்க வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

பக்கத்து வீட்டுத் தாமரைச்செல்வி நேற்று உனக்குப் போன் செய்து சொன்னதில் பாதிதான் உண்மை. அடுப்பு வெடிக்கவில்லை, விரிசல் விட்டது. வீடு எரியவில்லை, ஃபியூஸ் போனது. அந்தப் புண்ணியவதி ஊதிப் பெரிதாக்கியதில் நீ ஞாயிற்றுக்கிழமை கிளம்பி வருவதாகச் சொன்னாயாம். போனில் பேசினால் நீ அழுகிறாய், நான் கத்துகிறேன். அதனால் இதை எழுதி அவள் மகன் ஹரிஹரனிடம் கொடுத்தனுப்புகிறேன். இன்று ரயிலில் சென்னை வருகிறான். நீ வர வேண்டாம்.

அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு என் மூக்கு செத்துப்போனதால் கேஸ் கசிந்தால் தெரியாது என்று சிலிண்டரைக் கழற்றிவிட்டு, மாப்பிள்ளை வாங்கித் தந்த கரண்டு அடுப்பை வைத்துவிட்டுப் போனாய். எந்தப் பாத்திரத்தையும் ஏற்றுக்கொள்ளும் அடுப்பு. எரியும்போது மேலே இருக்கும் கண்ணாடி சிவப்பாக இருக்கும். அணைத்தால் சிவப்பு போய்விடும், சூடு போகாது. அது எனக்கு எங்கே தெரியும்?

சென்ற வெள்ளிக்கிழமை அடுப்பை அணைத்துச் சோற்றை இறக்கி வைத்தேன். வெண்மதி போன் செய்தாள். குழந்தைக்கு மூச்சு நின்று நின்று வருகிறது, டாக்டர்கள் ஓடுகிறார்கள் என்றாள். வைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிட்டால் யாரும் எடுக்கவில்லை. உள்ளே போனேன், வெளியே வந்தேன். செருப்பை மாட்டினேன், எங்கே போவது என்று தெரியாமல் கழற்றினேன். நீ இருந்தால் என்ன செய்வாய்? வெள்ளிக்கிழமை அடுப்பைக் கழுவி, மாக்கோலம் போட்டு, மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிடுவாய். உடனே அதைச் செய்துவிட வேண்டும், ஒரு நிமிடம் தாமதித்தாலும் ஏதோ ஆகிவிடும் என்று பட்டது. ஒரு சொம்புத் தண்ணீரை அப்படியே ஊற்றினேன். கண்ணாடி படீரென்று விரிசல் விட்டது. விரலில் ஆவி அடித்தது. இரண்டு விரல்தான், குழாயடியில் காட்டினேன், சரியாகிவிட்டது. எழுத்து கோணலாக இருப்பதற்கு அது காரணமில்லை, என் எழுத்து என்றைக்கு நேராக இருந்தது!

மாப்பிள்ளை ஆதவன் கோபப்படவில்லை. "ப்ளக்கைப் பிடுங்கினீங்களா மாமா, அதை மட்டும் சொல்லுங்க" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு காரைக்காலில் முகம்மது இப்ராஹிம் கடையில் இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கச் சொன்னார். அதற்குக் காந்தம் ஒட்டும் பாத்திரம்தான் ஆகுமாம். பழைய ரேடியோவில் இருந்த காந்தத்தை எடுத்து உன் சமையலறை முழுக்க ஒட்டிப் பார்த்தேன். அலுமினியக் குண்டான் உதவாது. வெண்கலப் பானை உதவாது. உன் சீர்வரிசை எவர்சில்வரில் பாதிக்கு மேல் ஒட்டவில்லை. உன் அப்பா இப்போது இல்லை, தப்பித்தார். தோசைக்கல் ஒட்டியது, ஆனால் அடி குழிந்திருப்பதால் ஆடுகிறது. கடைசியில் அடி தட்டையான ஒரு பாத்திரமும் ஒரு வாணலியும் வாங்கினேன். இரண்டு போதும் எனக்கு. வெறும் பாத்திரத்தை வைப்பதில்லை. ஈரக் கையால் ஸ்விட்சைத் தொடுவதில்லை. அடுப்புக்குக் கீழே காற்று போகும் ஓட்டையைத் துணி போட்டு மறைப்பதில்லை. போதுமா? இன்னும் என்ன பரீட்சை வைக்கப் போகிறாய்?

கமலம், வெண்மதிக்குக் காய்ச்சல் விடவில்லை. தினமும் நீதான் பேத்தியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய், அந்தச் சூட்டில்தான் அவள் எடை கூடுகிறாள் என்று டாக்டரம்மா சொன்னார்களாமே. மாப்பிள்ளைக்கு ராத்திரி வேலை. நீ வந்துவிட்டால் அவளை யார் அணைப்பது? எனக்குச் சோறு வடிக்கவா வருகிறாய்? வந்தால் கதவைத் திறக்க மாட்டேன்.

சும்மா சொன்னேன். திறக்காமல் இருப்பேனா? வீடு வீடாகவே இல்லை. நீ வந்தால் திரும்ப அனுப்ப எனக்கு மனம் வராது, அதற்காகத்தான் வராதே என்கிறேன்.

இன்றும் வெள்ளிக்கிழமை. சமைத்து முடித்து, அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கினேன். உட்கார முடியவில்லை, வயலுக்குப் போய் வரப்பெல்லாம் சுற்றிவிட்டு வந்தேன். கண்ணாடி நன்றாக ஆறியிருந்தது. பிழிந்த துணியால் துடைத்தேன். மாவைக் கரைத்து, நீ போடும் கோலத்தைப் போட்டேன். கோடு எங்கெங்கோ போயிற்று. உன்னளவுக்கு எனக்கு வேண்டிக்கொள்ளத் தெரியாது. பிழைத்து வந்துவிடு தாயே என்று அந்தக் குட்டியிடம்தான் சொன்னேன்.

நாளைக் காலை கோலத்தைத் துடைத்த பிறகுதான் ஸ்விட்சைப் போடுவேன். நான் பார்த்துக்கொள்கிறேன். என்னை நினைத்துக்கொண்டு அவளை நெஞ்சிலிருந்து இறக்கிவிடாதே, கமலம்.

அவளுக்கு என் ஆசி,
சுப்பையன்