ஊதா பூத்த சோறு

2 ஜனவரி 2025

அடுப்படியில் இன்று எனக்கு இடமில்லை. பேரன் கிஷன் அரிசியை அரைவேக்காடாக அவித்துப் பிளாஸ்டிக் பைகளில் அடைத்துப் பூசணம் வளர்க்கிறான்.

ரெம்பியாவில் அவன் குத்தகைக்கு எடுத்த நிலத்தில் மிளகாய் இரண்டு தடவை வாடிச் செத்தது. பிடுங்கினால் வேரெல்லாம் முடிச்சு. நூற்புழுவாம், கண்ணுக்கே தெரியாதாம். விஷம் ஊற்ற மாட்டேன், மண் செத்துப்போகும் என்கிறான். இந்தப் பூசணத்தை மண்ணில் கலந்தால் புழுவின் முட்டையைத் தின்றுவிடுமாம். பயிற்சி கொடுத்த இடத்தில் ஒரு குப்பி பூசணத் தாய்விதை தந்திருக்கிறார்கள். அத்தனையையும் பைகளில் போட்டுவிட்டான்.

நான் படித்தது ஐந்தாவதுதான். ஆனால் இதையெல்லாம் என்னிடம்தான் சொல்கிறான், அப்பனிடம் இல்லை. இருட்டு வேண்டுமாம். என் கட்டிலுக்கடியில் வை என்றேன்.

6 ஜனவரி

பஞ்சு மாதிரி வெள்ளையாகப் பூத்திருக்கிறது! நான்தான் முதலில் பார்த்தேன்.

10 ஜனவரி

கோயிலில் எல்லோரிடமும் சொன்னேன், என் பேரன் மண்ணுக்கு மருந்து வளர்க்கிறான் என்று. வீட்டுக்கு வந்தால் மகன் தேவன் அவனைப் பிடிபிடி என்று பிடித்துக்கொண்டிருந்தான்.

"இந்த வாட்டியும் போச்சுன்னா சுங்கை ஊடாங் வந்துரு. என் கம்பெனியில சொல்லி வச்சிருக்கேன். சோத்துல பூசணம் வளர்க்கிறான்னு ஆளுங்க சிரிக்கிறாங்க லா."

"சரிப்பா. இதுதான் கடைசி," என்றான் கிஷன். வாக்குக் கொடுத்தால் மாற மாட்டான். அது எங்கள் வீட்டு இரத்தம்.

13 ஜனவரி, போகி

எப்படி எழுதுவேன்.

காலையில் பழைய பாய், கந்தல் எல்லாம் பின்னால் போட்டுக் கொளுத்தினேன். கட்டிலுக்கடியைக் கூட்டக் குனிந்தால் பைகள் ஊதாவாகக் கிடக்கின்றன. இரண்டு மட்டும் வெள்ளை. கெட்டுப்போய்விட்டது, மிச்சத்துக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று பதறினேன். கிஷன் நிலத்தில் சாணி இறக்கிக்கொண்டிருந்தான். அவன் கண்ணில் படுவதற்குள் நல்லதையாவது காப்பாற்றலாம் என்று— ஊதா அத்தனையும் நெருப்பில் போட்டேன். போகியன்று கெட்டது வீட்டில் தங்கக்கூடாதே.

சாயங்காலம் அவன் வந்ததும், ரெண்டைக் காப்பாத்திட்டேன்டா என்று நானே பெருமையாகச் சொன்னேன்.

சாம்பல் பக்கத்தில் குந்தினான். கிளறிக்கூடப் பார்க்கவில்லை.

"ஊதா ஆனாத்தான் பாட்டி அது பழுத்திருக்குன்னு அர்த்தம். நான்தான் உங்ககிட்ட சொல்லல."

திட்டியிருக்கலாமே. ஏன்டா திட்டவில்லை?

14 ஜனவரி

பால் பொங்கியது. அவனும் எங்களோடு நின்று குரல் கொடுத்தான்.

21 ஜனவரி

தாய்விதை வேண்டுமானால் அடுத்த பயிற்சி வரைக்கும் காத்திருக்கணுமாம். இருக்கிற பையிலிருந்து பெருக்கலாமே என்றேன். நாற்று முற்றிவிட்டது, அதுவரை தாங்காது என்றான். நான் விட்டுவைத்த இரண்டும் இப்போது ஊதாவாகிவிட்டன. ஒரு வரிசைக்குத்தான் வந்தது. மற்றதெல்லாம் வெறும் மண்ணில் நட்டான்.

16 மார்ச்

வெயில் ஏறினால் செடி தலை தொங்குகிறது. தண்ணீர் போதவில்லை என்று தேவனிடம் சொன்னேன். பொய்.

23 மார்ச்

நானும் நிலத்துக்குப் போனேன். பிடுங்கிய வேரெல்லாம் முடிச்சு, கம்மல் திருகாணி கோத்த மாதிரி. மருந்து கலந்த அந்த ஒரு வரிசை மட்டும் நிமிர்ந்து நிற்கிறது, பூவும் பிஞ்சுமாக. ஒன்றைப் பிடுங்கிக் காட்டினான். வேர் சுத்தமாக, வெள்ளையாக இருந்தது. அவன் சொன்னது சரிதான். எல்லாம் சரிதான்.

வீட்டில் தேவன் கையைப் பிடித்தேன். என் தப்புடா, இன்னும் ஒரு தடவை விடு என்றேன். அவன் வாய் திறப்பதற்குள் கிஷன் குறுக்கே வந்தான்.

"வேணாம் பாட்டி. வாக்குக் குடுத்துட்டேன்."

2 ஏப்ரல்

கிஷன் அப்பனோடு வேலைக்குப் போனான். கம்பெனி கொடுத்த நீலச் சட்டை. அவனுக்குத் தோளில் கொஞ்சம் பெரிது.

13 ஏப்ரல்

கோயிலில் கமலவேணி என் கன்னத்தைத் தொட்டுச் சொன்னாள், "பேரன் கம்பெனியில சேர்ந்துட்டானாமே அக்கா. இனிமே உங்களுக்கு என்ன கவலை."

ஆமா என்றேன்.

27 ஏப்ரல்

கிஷனுக்கு லீவு. காய்கறி வாங்கப் பாசாருக்குக் கூட்டிப்போனான். எந்த மிளகாய் நல்லதுடா என்று கேட்டேன். முன்பெல்லாம் காம்பைக் கிள்ளி, முகர்ந்து, அரை மணி நேரம் பேசுவான். இன்று போனிலிருந்து தலை தூக்கவில்லை.

"எல்லாம் ஒண்ணுதான் பாட்டி. ஏதாச்சும் எடுங்க."