நீங்கள் அணைக்க மறுத்த அடுப்பு

மதினி,

சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, புளியும் போட்டுத் தேய்த்துவிட்டேன். அப்படியும் கையிலிருந்து கருவாட்டு வாசனை போகவில்லை. அந்தக் கையோடுதான் உங்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மூன்று நாளைக்கு முன்னால் விருதுநகருக்குப் போய் நெத்திலிக் கருவாடு வாங்கினேன். பைக்குள் பை போட்டு, மேலே துண்டைச் சுற்றித்தான் பஸ் ஏறினேன். அப்படியும் மல்லாங்கிணறு வருவதற்குள் கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "யாரும்மா அது, கடலையே தூக்கிட்டு வந்தது?" என்று கேட்டுவிட்டார். பஸ்ஸே சிரித்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீங்கள் கூட வந்திருந்தால் அவரைச் சும்மா விட்டிருக்க மாட்டீர்கள். "ஒங்க வீட்டுல கருவாட்டுக் குழம்பு வச்சா மூக்கப் பொத்திக்கிட்டா திங்கீக?" என்று கேட்டு ஆளின் வாயை அடைத்திருப்பீர்கள். எனக்கு அந்த வாய் இல்லை. பிடிவாதம் மட்டும் இருக்கிறது, அதுவும் உங்களைப் பார்த்து வந்ததுதான்.

இந்தத் தடவை அந்தப் பிடிவாதம் எனக்கு நிறையவே தேவைப்பட்டது. ஆடியில் நீங்கள் போனீர்கள். கார்த்திகையில் நம் சாப்பாட்டு நாள் வந்துவிட்டது. பெரியம்மா முதல் ஆளாக வந்து, "வருசம் திரும்பாத வீட்டுல என்னத்தா விருந்து? ஊரு சிரிக்கும்" என்றார். அண்ணன் ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றுவிட்டார். அண்ணனுடைய வேண்டாமுக்கு எவ்வளவு கனம் என்று உங்களுக்குத் தெரியும். மிளகாய் மண்டியில் அத்தனை வருஷம் மூட்டை தூக்கினவர், ஒரு வார்த்தையைத் தூக்கி வெளியே வைக்க மட்டும் அவ்வளவு சிரமப்படுவார்.

கருவாடு வாங்கப் போனதற்கு முந்தின நாள்தான் உங்கள் மகள் மலர் சென்னையிலிருந்து பேசினாள். அவள் கம்பெனி அமெரிக்காக்காரர்களுக்கு வேலை பார்ப்பதுதானே. அங்கே நன்றி சொல்வதற்கென்று ஒரு நாள் வருகிறதாம், அன்றைக்கு அவர்கள் யாரும் வேலைக்கு வர மாட்டார்களாம். அது எப்படி வந்தது என்று கதையும் சொன்னாள்.

"கப்பல்ல வந்தவங்கள்ல பாதிப் பேரு குளிர்லயும் பட்டினியிலயும் செத்துப் போயிட்டாங்களாம் அத்த. அந்த மண்ணுக்காரங்கதான் மக்காச்சோளம் வெதைக்கச் சொல்லிக் குடுத்தாங்களாம். மொத வெள்ளாம வீடு வந்ததும் ரெண்டு கூட்டமும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டாங்களாம்."

"நல்லதுதான தாயி."

"எங்குட்டு நல்லது? பின்னாடி கப்பல்ல வந்தவங்க அந்த மண்ணுக்காரங்களோட நெலத்தையே புடுங்கிட்டாங்களாம்."

"சாப்பிட்ட கையி காயுறதுக்குள்ள மறந்துட்டாக போல" என்றேன்.

அவள் சிரித்துவிட்டுக் கேட்டாள்: "நம்ம வீட்டுலயும் வருசா வருசம் சாப்பிடுறோமே, அது எப்படி அத்த வந்துச்சு? கூட வேல பாக்குறவங்க கேட்டாங்க, எனக்குச் சொல்லத் தெரியல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது மதினி. அந்த வழக்கம் ஆரம்பித்தபோது அவள் பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளை. வருஷா வருஷம் இலைக்கு முன்னால் உட்காருகிறாள், ஏன் என்று ஒருவரும் அவளுக்குச் சொல்லவில்லை. அதே போனில் இன்னொன்றும் சொன்னாள். அப்பாவைச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போய்விடலாம், வீட்டைப் பூட்டிவிடலாம் என்று. "தனியா உக்காந்து, தானே போட்டு, தானே சாப்பிட்டுட்டு இருக்காரு. பாக்கவே சகிக்கல அத்த." அவள் சொன்னதில் பொய்யில்லை. நீங்கள் போனதிலிருந்து அண்ணன் யாரையும் பரிமாற விடுவதில்லை. சட்டியிலிருந்து அவரே அள்ளிப் போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவார். பக்கத்து வீட்டில்தான் நான் இருக்கிறேன், என்ன பிரயோசனம்? அப்போதுதான் முடிவு செய்தேன், இந்த வருஷம் இலை போடாவிட்டால் அந்த வீட்டில் இனி எப்போதுமே இலை விழாது என்று. மறுநாளே கருவாடு வாங்கப் புறப்பட்டுவிட்டேன்.

மலருக்கு அன்றைக்குச் சொன்ன கதையில் பாதிதான் நான் கண்டது. நான் வெளியில் இருந்தேன், நீங்கள் அடுப்படியில் இருந்தீர்கள். வீட்டில் நடந்ததெல்லாம் மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நான் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் அறைக்குள் செருப்போடு போகக் கூடாது. எல்லோரும் வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடுதான் வேலை பார்ப்போம். அதனால் எந்த அறையில் யார் இருக்கிறார்கள் என்பதை வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்த்தே சொல்லிவிடலாம். என் செருப்பு வேறு கம்பெனியிலேயே பேர்போனது. ஒன்றில் நீல வார், மற்றதில் பச்சை வார். அறுந்ததற்குப் பதிலாகக் கிடைத்த வாரை மாட்டிக் கொடுத்தது நீங்கள்தான். "கால்ல கெடக்கிறதுதான, மாப்பிள்ள பாக்கவா வர்றாக?" என்றீர்கள்.

அன்றைக்கு நான் தண்ணீர் குடிக்கத் தொட்டிப் பக்கம் போயிருந்தேன். சொம்பைத் தூக்கினது ஞாபகம் இருக்கிறது. அடுத்து மண்ணில் கிடந்தேன். திரும்பிப் பார்த்தால் எங்கள் அறை இருந்த இடத்தில் புகை. பக்கத்து அறையிலிருந்து தூக்கி வந்தவர்களில் நம் பின்தெரு முருகேஸ்வரியும் இருந்தாள். அவளை ஏற்றிய வேனில் நானும் ஏறி, அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நம் தெருவில் அப்போது யார் வீட்டிலும் போன் கிடையாது. இருந்திருந்தாலும் போன் செய்கிற நிதானம் எனக்கு இருந்திருக்காது.

அண்ணன் கம்பெனிக்கு ஓடி வந்து தேடியபோது நான் இல்லை. இடிந்த சுவருக்குக் கொஞ்சம் தள்ளி, நீல வாரும் பச்சை வாரும் கிடந்தன. அவர் வேறென்ன நினைப்பார்? பட்டாசு ஊரில் யாரும் அதைத்தான் நினைப்பார்கள். அந்தச் செருப்பை மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பையைப் பார்த்ததும் தெருவே மாரில் அடித்துக்கொண்டு அழுததாம்.

இழவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியக் கூடாது என்று யாரோ செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்திருக்கிறார்கள். மொச்சையும் கருவாடும் போட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நீங்கள் அந்தச் செம்பைத் தட்டிவிட்டீர்களாம்.

"செருப்புதான வந்திருக்கு. ஆளு வரட்டும், இல்ல ஒடம்பு வரட்டும். அதுவரைக்கும் இந்த அடுப்பு எரியும்."

"கல்நெஞ்சுக்காரி, நாத்தனா செத்துக் கெடக்கா, இவளுக்குக் கொழம்பு கேக்குது" என்று பெரியம்மா சொன்னாராம். அதற்கு நீங்கள் சொன்ன பதிலைப் பெரியம்மாவே பின்னால் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "செருப்பு வெளிய கெடந்தா ஆளு உள்ளதான் இருக்கணுமா? வீட்டுல கொல்லைக்கே செருப்புப் போடாமப் போற சோம்பேறி அவ. எத்தன நாளு வஞ்சிருக்கேன்! தண்ணி குடிக்கப் போகையில மட்டும் மாட்டிட்டா போவா?"

பொழுது சாயும் நேரத்தில் நான் வெறுங்காலோடு பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்தேன். வாசலில் இருந்த கூட்டம் அலறியது. எனக்கு ஒன்றுமே புரியவில்லை. நீங்கள் கரண்டியோடு வெளியே வந்தீர்கள். கட்டிப்பிடிக்கவில்லை, அழவில்லை. என் காலைத்தான் பார்த்தீர்கள். "முள்ளு தச்சிருக்கா? வா, வந்து உக்காரு. சோறு ஆறுது."

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் அன்றைக்கு நம் வீட்டில் சாப்பிட்டார்கள். பானைச் சோறு பற்றாமல் வீட்டுக்கு வீடு கொண்டு வந்து கொட்டினார்கள். என் உள்ளங்கை இரண்டும் தோலுரிந்து கிடந்ததால் எனக்கு நீங்களே போட்டு, நீங்களே ஊட்டிவிட்டீர்கள். நான் அழுதுகொண்டே, "நன்றி மதினி" என்றேன். வந்ததே உங்களுக்குக் கோபம்!

"நன்றியா? நா என்ன மேடையில மால போட வந்தவளா? வீட்டு ஆளுக்கு எவளாச்சும் நன்றி சொல்லுவாளா? என்ன செஞ்சேன்னு சொல்லு, போதும்."

அப்படித்தான் அந்த வழக்கம் வந்தது. வருஷத்துக்கு ஒரு நாள், அதே குழம்பு, சபரிமலைக்கு மாலை போட்டிருப்பவர்களுக்கு மட்டும் தனியாக ரசம். யாரும் தன் இலைக்குத் தானே போட்டுக்கொள்ளக் கூடாது. அடுத்தவர் போட வேண்டும். போடுகிறவர் நன்றி என்ற சொல்லை எடுக்காமல், எதற்கு என்று மட்டும் சொல்ல வேண்டும். "பிள்ளைக்குக் காய்ச்சல்னதும் தூக்கிட்டு ஓடுனீகள்ல, அதுக்கு." "சீசன்ல நா ஓவர்டைம் பாத்தப்ப என் வீட்டுக்கும் சேத்துத் தண்ணி புடிச்சு வச்சீகள்ல, அதுக்கு." என் வீட்டுக்காரர் ஒரு வருஷம் எனக்குப் போட்டுவிட்டு, "போன வாரம் பூரா வையாம இருந்தேல்ல, அதுக்கு" என்றார். நீங்கள் சிரித்துப் புரையேறித் தண்ணீர் குடித்தீர்கள். அண்ணன் மட்டும் ஒரு வருஷமும் வாய் திறந்ததில்லை. உங்கள் இலையில் சோற்றை வைப்பார், நிற்பார், போய்விடுவார். "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று நீங்களும் கேட்பீர்கள்.

இனிப்பு கூடாது, வெடி கூடாது என்று வைத்ததும் நீங்கள்தான். மறுநாளே முருகேஸ்வரி போய்விட்டாளே. இலை போடுமுன் முதல் தூக்குச்சட்டி அவள் அம்மாவுக்குப் போக வேண்டும், அதை நான்தான் கொண்டுபோக வேண்டும் என்றீர்கள். முதல் வருஷம் எனக்குக் கால் வரவில்லை. நான் உயிரோடு நிற்பதைப் பார்த்தாலே அவருக்கு வயிறு எரியாதா? "எரியட்டும். திட்டுனா வாங்கிக்க. போகாம மட்டும் இருக்காத" என்று பிடித்துத் தள்ளினீர்கள். அந்த அம்மா திட்டவில்லை. சட்டியை வாங்கி வைத்துவிட்டு, என் மடியைத் தொட்டு, "இதுலதான எம்பிள்ள தல இருந்துச்சு" என்றார். அன்றிலிருந்து ஒரு வருஷமும் நான் போகாமல் இருந்ததில்லை. இந்த வருஷமும் போனேன்.

நேற்று உங்கள் அடுப்படியில்தான் சமைத்தேன். அண்ணனிடம் மறுபடி கேட்கவில்லை. கேட்டால் திரும்பவும் வேண்டாம் என்பார், அப்புறம் முகத்துக்கு நேரே மீற வேண்டும். மலர் காலையிலேயே சென்னையிலிருந்து வந்துவிட்டாள். பெரியம்மாவும் முணுமுணுத்துக்கொண்டே வந்து மொச்சை உரித்தார். இலை போட்டதும் எல்லோரும் உட்கார்ந்தார்கள். அண்ணன் மட்டும் வெளியே நின்றிருந்த லோடு ஆட்டோவின் பின்பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

நான் போய் நின்றேன். "வாங்கண்ணே."

"அவ இல்ல. நா யாருக்குப் போட?"

"எனக்குப் போடுங்க. மதினிதான் எனக்குப் போடுவாக. இப்ப எனக்குப் போட ஆளில்ல."

"மலரு போடுவா, போ."

"மலரு போட்டா திங்க மாட்டேன். நீங்க வர்றவரைக்கும் வெறும் இலைக்கு முன்னாலதான் உக்காந்திருப்பேன். பாத்துக்கோங்க."

சொன்னபடியே போய் உட்கார்ந்தேன். மற்றவர்கள் ஒருவருக்கொருவர் போட்டார்கள், சொன்னார்கள், சாப்பிட்டார்கள். குழம்பு வாசனை வயிற்றைக் கிள்ளியது. பெரியம்மா, "அண்ணனும் தங்கச்சியும் ஒரே அச்சு" என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் அசையவில்லை. உள்ளுக்குள் பயமாகத்தான் இருந்தது மதினி. அவர் வராவிட்டால் எழுந்திருக்கவும் முடியாது, வீட்டைப் பூட்டாதே என்று மலரிடம் சொல்ல எனக்கு வாயும் இருக்காது.

எல்லோரும் மோருக்கு வந்தபோது அண்ணன் உள்ளே வந்தார். சோற்றுப் பானையைக் கையில் எடுத்தார். என் இலையில் வைத்தார், குழம்பை ஊற்றினார். வழக்கம்போல நின்றார். போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.

"அந்தச் செருப்ப பைல போட்டு, மடியில வச்சுக்கிட்டு பஸ்ல வந்தேன் தாயி. அம்புட்டுத் தூரமும் அதத் தடவிக்கிட்டே வந்தேன். நீ வந்துட்டேல்ல..." குழம்புக் கரண்டியைச் சட்டியில் வைத்தார். "அதுக்கு."

அப்புறம் மலர் எழுந்து அவருக்கு இலை போட்டாள். உட்கார்ந்து சாப்பிட்டார். சுவரைப் பார்த்து அல்ல, எங்களைப் பார்த்து. மறுசோறும் கேட்டு வாங்கினார். சென்னைப் பேச்சை மலர் எடுக்கவில்லை. எடுத்தாலும் விட மாட்டேன். இனித் தினமும் ராத்திரிச் சோறு அண்ணனுக்கு என் கையால்தான் என்று அப்போதே சொல்லிவிட்டேன், அவரும் மறுக்கவில்லை. அந்த வீட்டுச் சாவி என் இடுப்பில் இருக்கிறது. அடுத்த கார்த்திகைக்கும் இலை விழும்.

நேற்று நான் மட்டும் யாருக்கும் போடவில்லை. வருஷா வருஷம் உங்களுக்குப் போட்டு, சேலை கொடுத்ததற்கு, பிரசவம் பார்த்ததற்கு என்று என்னென்னவோ சொல்லியிருக்கிறேன். சொல்ல வேண்டியதை ஒரு தடவையும் சொல்லவில்லை, சொன்னால் அழுதுவிடுவேன் என்று. உங்களைப் போல நம்பாமல் இருக்க எனக்கு வாய்க்கவில்லை மதினி. உங்கள் உடம்பை நானே குளிப்பாட்டினேன், அதனால் நீங்கள் இல்லை என்பதை நான் நம்பித்தான் ஆக வேண்டும். அன்றைக்கு என் செருப்பைக் கொண்டு வந்து காட்டி, நான் செத்துப்போனேன் என்று ஊரே அழுதபோது, நீங்கள் ஒருத்தர் மட்டும் நம்பாமல் உலையைப் பார்த்துக்கொண்டு நின்றீர்களே.

அதுக்கு.