பினாங்கில் நான் நுழைந்த வாசல்

14 ஜூன், சனிக்கிழமை. பினாங்கு.

இன்று கூட இருந்தவர்கள்: மகள் லலிதா, மருமகன் சேகர், பேத்தி திவ்யா, நான்.

கடற்கரை ஹோட்டல் வேண்டாம், பழைய தெருவில் தங்குவதுதான் அழகு என்று இந்த இடத்தைத் திவ்யாதான் பிடித்தாள். ஒரு காலத்தில் சீனத் தவுக்கே ஒருவரின், பெரிய முதலாளியின் வீடு, இப்போது ஹோட்டல். செதுக்கிய கதவு, பூப்போட்ட தரை. காரை விட்டு இறங்கியதும் மூவரும் பெட்டியோடு முன்வாசலில் ஏறினார்கள். நான் யோசிக்கவே இல்லை. பக்கத்துச் சந்தில் நடந்து, பின்னால் அடுப்படி வாசலில் போய் நின்றேன்.

அங்கே வேலை செய்த தமிழ்ப் பெண், "மங்கு கழுவ வந்த அம்மாவா? சீக்கிரம் வாங்க லா, எச்சில் தட்டெல்லாம் குவிஞ்சு கிடக்கு" என்றாள். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஆமா" என்று சொல்லிவிட்டுச் சேலையை இடுப்பில் செருகினேன். தீபாவளிக்கு எடுத்த சேலை.

திவ்யா தேடி வந்தபோது என் கையெல்லாம் சவர்க்கார நுரை. அந்தப் பெண் பதறிப்போனாள். அவள் மேல் தப்பே இல்லை.

"அத்தை, லீவுலயும் வேலையா?" என்று சேகர் சிரித்தார்.

திவ்யா சிரிக்கவில்லை. "ஏன் பாட்டி பின்னால போனீங்க?" என்று மட்டும் கேட்டாள். கால் வலி, படி ஏற முடியவில்லை என்று பொய் சொன்னேன்.

கோலசிலாங்கூரில் எங்கள் தோட்டத்துத் துரை பங்களாவின் முன்படியில் சிறுபிள்ளையாக ஒருமுறை ஏறினேன். அதற்காக என் அப்பாவை அதே படிக்கு முன்னால் முட்டி போட வைத்தார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சேகர் சிரித்ததை மறக்க மாட்டேன், ஆனால் மன்னித்துவிடுவேன். முட்டி போடச் சொன்னவன் செத்து மண்ணாகிவிட்டான். இருந்தாலும் மன்னிக்க மாட்டேன், துரைக்குக் கங்காணியாக இருந்த மண்டோர் சின்னச்சாமியை.